பங்கில் மனப் பயிற்சிக் குழு: விசுவாசத்தோடு சேர்த்து நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கத்தோலிக்கப் பங்கில் யாராவது "மனசு சரியில்ல ஃபாதர்" என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று கிடைக்கும்: ஒரு நவநாள் செபம், அல்லது ஒரு டாக்டரின் முகவரி. இரண்டும் தேவைதான். ஆனால் கோபம் தலைக்கேறும்போதும், ராத்திரி இரண்டு மணிக்குப் பயம் பிடித்து உலுக்கும்போதும், அடுத்த பத்து நிமிடத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். தையல் வகுப்பு போல, வாரா வாரம் உட்கார்ந்து, வீட்டுப்பாடத்தோடு கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு அடித்தளமாக நான் எடுத்துக்கொள்வது டி.பி.டி. எனப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற மனநலச் சிகிச்சையின் திறன் வகுப்பு. அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பெண்களுக்காகத் தொடங்கியது. முதல் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. லினஹன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தவர். 1967-இல் சிகாகோவில் ஒரு தியான இல்லச் சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த அனுபவமே தன்னைத் திருப்பியது என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே இந்த முறையை விசுவாசத்தோடு சேர்ப்பது வெளியிலிருந்து ஒட்டவைக்கிற வேலை இல்லை.

ஆனால் சேர்ப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். பயிற்சி இருக்க வேண்டிய இடத்தில் செபத்தை வைத்து மூடாதீர்கள். செபம் இருக்க வேண்டிய இடத்தில் பயிற்சியைத் திணிக்காதீர்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதைச் சுற்றித்தான் போகும்.

படி 1: இது என்ன குழு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இது செபக்கூட்டம் இல்லை. சாட்சி சொல்லும் இடமும் இல்லை. பாவசங்கீர்த்தனம் நிச்சயமாக இல்லை. வாழ்க்கைக் கதையைக் கொட்டி அழுகிற இடமாகவும் இதை வைக்கக் கூடாது. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஆனால் திறன் வகுப்பில் "என்ன நடந்தது" என்பது இரண்டு வாக்கியம்தான். "அப்போது எந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தீர்கள்" என்பதற்குத்தான் நேரம். ஒருவர் கதை ஓட ஆரம்பித்தால் மற்ற ஏழு பேருக்கும் அன்று வகுப்பு இல்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முழு டி.பி.டி. சிகிச்சையில் தனி ஆலோசனை, நெருக்கடியில் ஃபோன் உதவி, சிகிச்சையாளர்களின் கலந்தாய்வுக் குழு எல்லாம் உண்டு. திறன் வகுப்பு மட்டுமே வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம், 24 வாரம் போகும்; அதையே இரண்டு சுற்று எடுப்பதும் வழக்கம். பங்கில் நடத்துவது அதிலிருந்து எடுத்த ஒரு சுருக்கம்தான். "தெரபி" என்று போஸ்டர் அடிக்காதீர்கள். "மனநலம்" என்ற வார்த்தையைப் போட்டால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். "மனப் பயிற்சி வகுப்பு" போதும்.

படி 2: யார் நடத்துவது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் முகங்களைப் பார்க்க. யாராவது வெளியே எழுந்து போனால் பின்னாலேயே போக ஓர் ஆள் இருக்க வேண்டும். பாடம் நடத்துபவர் பயிற்சி பெற்ற ஆலோசகராக இருப்பது அவசியம். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிடைத்தால் மிக நல்லது. கவுன்சலிங் படித்த சிஸ்டர்கள் பல சபைகளில் இருக்கிறார்கள், விசாரியுங்கள். நல்ல மனசு மட்டும் தகுதி ஆகாது.

பங்குத்தந்தை? அவர் அறிவிப்பார், இடம் தருவார், ஒரு வாரம் வந்து ஒப்புரவு, அதாவது பாவசங்கீர்த்தனம், பற்றிப் பேசுவார். குழுவில் உட்காரக் கூடாது. குழுவில் இருப்பவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்பவர் அவர்தான். திருச்சபைச் சட்டம் 983 ஒப்புரவின் முத்திரையை, அதாவது அங்கே கேட்டதை வெளியே சொல்லாத கடமையைப் பற்றியது, எல்லோருக்கும் தெரியும். அடுத்த 984 அவ்வளவு பேருக்குத் தெரியாது: ஒப்புரவில் அறிந்ததை, வெளியே கசியும் ஆபத்தே இல்லாவிட்டாலும், அந்த ஆளுக்குப் பாதகமாகப் பயன்படுத்தவே கூடாது. குழுவில் ஃபாதர் எதேச்சையாக ஒரு வார்த்தை சொன்னாலும், "நான் அங்கே சொன்னதை வைத்துத்தான் சொல்கிறார்" என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் போச்சு.

படி 3: ஆள், இடம், நேரம்

நம் பங்குகளில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். மாமியார் ஒரு நாற்காலி, மருமகள் அடுத்த நாற்காலி என்று உட்கார்ந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஒரே பங்கில் ஆள் சேர்க்காமல், மறைவட்ட அளவில் நாலைந்து பங்குகளிலிருந்து சேர்ப்பதுதான் என் முதல் சிபாரிசு. ஆறிலிருந்து பத்துப் பேர். கணவன் மனைவி ஒரே குழுவில் வேண்டாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழு என்றால் இப்போதைக்குப் பேச்சு எளிதாக வருகிறது.

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் கூட்டம் நிற்கும் நேரம் வேண்டாம். யார் உள்ளே போகிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். மறைக்கல்வி வகுப்பறை, ஒரு சனிக்கிழமை மதியம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இளையோர் இருவர். அவ்வளவு போதும்.

படி 4: சேருமுன் தனியாகப் பேசுங்கள்

ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரமாவது. என்ன மருந்து எடுக்கிறீர்கள், யாரிடம் காட்டுகிறீர்கள், வீட்டில் அடி உதை உண்டா, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா, வழி ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் இருக்கிறது என்ற நிம்மதிதான் வரும்.

குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற நிலையில் இருப்பவரையும், சாவுக்குத் திட்டம் வைத்திருப்பவரையும் முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். குழு பிறகு. வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அப்போதே கொடுத்துவிடுங்கள். அடியைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியை நாம் யாருக்கும் கற்றுத்தருவதில்லை.

படி 5: விதிகள்

நாலைந்து போதும். இங்கே கேட்டது இங்கேயே. ஒருவருக்கொருவர் அறிவுரை கிடையாது. தன்னைக் காயப்படுத்திய விவரத்தைக் குழுவில் பேசக் கூடாது. அது பக்கத்தில் இருப்பவரையும் கிளறும். நாலு வாரம் தொடர்ந்து வராவிட்டால் அடுத்த சுற்றில்தான் சேரலாம். இது லினஹன் முறையிலேயே உள்ள விதி, நல்ல விதி.

ரகசியம் பற்றி மட்டும் ஒரு விளக்கம் தேவை. நம் ஆட்களுக்கு ரகசியம் என்றாலே ஒப்புரவின் முத்திரைதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் நடத்துபவர் வீட்டாரிடமோ மருத்துவரிடமோ சொல்லியே ஆக வேண்டும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 6: ஒரு வகுப்பு எப்படிப் போகும்

இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் அமைதி. ஐம்பது நிமிடம் போன வார வீட்டுப்பாடம், ஒவ்வொருவராக. பத்து நிமிடம் டீ. மீதி நேரம் புதுப் பாடம். கடைசியில் ஒரு சிறிய செபம், ஒரே ஒருவர், இரண்டு நிமிடம். செபத்தை முதலில் நீட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்: பாட்டு வரும், மன்றாட்டு வரும், மணி நான்காகிவிடும்.

வீட்டுப்பாடம் செய்யாதவரைத் திட்டாதீர்கள். "எது தடுத்தது?" என்று மட்டும் கேளுங்கள். மறந்துவிட்டாரா, நோட்டை மாமியார் பார்த்துவிடுவார் என்ற பயமா, எழுதவே கஷ்டமா? எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு நாட்காட்டியில் மூன்று நிறப் புள்ளி வைத்தாலே போதும்.

படி 7: பாடங்கள்

லினஹன் முறையில் நாலு பகுதி: கவனித்தல், நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியைக் கையாளுதல், ஆட்களோடு பழகுதல். பன்னிரண்டு வாரத்தில் நாலையும் தொட்டுவிடலாம். வரிசையை விட, விசுவாசம் எங்கே வந்து சேர்கிறது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

கவனித்தல். தீர்ப்புச் சொல்லாமல் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது. இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இது பௌத்த தியானம் இல்லையா?" லினஹன் ஜென் பயின்றவர்தான், மறைக்க வேண்டாம். ஆனால் வகுப்பில் செய்வது மூச்சையும் எண்ணத்தையும் கவனிப்பது மட்டுமே. அதில் எந்த மதத்தின் வழிபாடும் இல்லை. கூடவே இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம ஆய்வைச் சொல்லிக்கொடுங்கள். ராத்திரி படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எங்கே மனம் லேசானது, எங்கே கனத்தது என்று பார்ப்பது. ஒரே எச்சரிக்கை: நம் ஊரில் ஆய்வு என்றால் உடனே பாவப் பட்டியல் எடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் பட்டியல் வேண்டாம், உணர்ச்சியின் பெயர் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். உணர்ச்சிகள் தம்மிலே நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1767, சொல்கிறது. கோபம் வந்ததே பாவம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டிக்கு இந்த ஒரு வரி செய்யும் வேலை பெரிது.

நெருக்கடியைத் தாங்குதல். இது உடம்பில் தொடங்குகிறது. மூச்சை அடக்கி, கண்ணிலும் கன்னத்திலும் குளிர்ந்த நீரை அரை நிமிடம் வைத்தால் இதயத் துடிப்பு குறையும். மே மாதக் குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது; ஃப்ரிட்ஜ் தண்ணீர் வேண்டும், அல்லது பாலிதீன் பையில் சுற்றிய ஐஸ். கடற்கரை ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. இதய நோய் உள்ளவர்களும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அடுத்து மூச்சு. இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் மூன்றாவது செப முறை என்று ஒன்றைத் தருகிறார்: ஒரு மூச்சுக்கு ஒரு சொல். வகுப்பில் இப்படிச் செய்கிறோம். முதுகு நேராக, கை மடியில். மூச்சை இழுக்கும்போது ஒன்றும் சொல்வதில்லை. விடும்போது, மனதுக்குள், "விண்ணுலகில்". அடுத்த மூச்சு, "இருக்கிற". அடுத்தது, "எங்கள்". அடுத்தது, "தந்தையே". முதல் தடவை எல்லோருக்கும் "உமது பெயர்" வருமுன்னே பழக்கதோஷத்தில் வேகம் பிடித்துவிடும். நிறுத்தி மறுபடி ஆரம்பியுங்கள். ஐந்து நிமிடத்தில் கர்த்தர் கற்பித்த செபம் பாதிதான் முடியும். முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

செபமாலையும் இதே வேலையைச் செய்யும். 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு இத்தாலிய ஆய்வில், லத்தீனில் செபமாலை சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. அதை அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டார் கூடும் சிறு செபக் குழுவில்) போட்டி போட்டுச் சொல்லும் வேகத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். மெதுவாகச் சொன்னால்தான் பலன்.

உணர்ச்சியைக் கையாளுதல். தூக்கம், சாப்பாடு, மருந்து, நடை இவைதான் முதல் பாடம். இதை "உலக காரியம்" என்று ஒதுக்குபவர்களுக்கு விவிலியத்தில் இறைவாக்கினர் எலியாவை வாசித்துக் காட்டுங்கள். 1 அரசர்கள் 19-இல் அவர் சாக விரும்பிப் படுத்துவிடுகிறார். வானதூதர் போதனை செய்யவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொல்கிறார். துயரத்துக்கு மருந்தாகப் புனித தாமஸ் அக்குவினாஸ் சொல்லும் ஐந்தில் கண்ணீரும் உண்டு, நண்பரும் உண்டு, தூக்கமும் குளியலும் உண்டு.

பிறகு, எதிர்ச்செயல். உணர்ச்சி நிஜ நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றால், அது தள்ளும் பக்கத்துக்கு எதிராக நடப்பது. சோர்வு "படு" என்கிறது. எழுந்து முகம் கழுவி ஒரு தெரு நடப்பது. இஞ்ஞாசியார் சொல்வதும் இதேதான்: மனம் வறண்ட காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே, வறட்சிக்கு எதிராக நட.

குற்ற உணர்வில்தான் மிகக் கவனம் வேண்டும். செய்த தவறுக்கான குற்ற உணர்வு நியாயமானது. அதற்கு வழி ஒப்புரவும், முடிந்தால் ஈடுசெய்வதும். செய்யாததற்கோ, ஏற்கெனவே மன்னிக்கப்பட்டதற்கோ திரும்பத் திரும்ப வருவது வேறு. ஒரே பாவத்தை வாரா வாரம் போய்ச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இஞ்ஞாசியாரே 1522-இல் மன்ரேசாவில் இப்படி அவதிப்பட்டு, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை போனவர். பழைய பாவங்களை இனி மறுபடி சொல்வதில்லை என்ற முடிவில்தான் மீண்டார். இவர்களுக்கு எதிர்ச்செயல் என்பது வரிசையில் போய் நிற்காமல் இருப்பது. ஆனால் அதைக் குழுவில் நாம் சொல்லக் கூடாது; ஒரே குருவானவரிடம் போகச் சொல்லி, அவர் வாயால் கேட்கச் செய்ய வேண்டும்.

ஆட்களோடு பழகுதல். வேண்டியதைக் கேட்பதும் வேண்டாததை மறுப்பதும். நடந்ததைச் சொல், உன் உணர்வைச் சொல், தேவையைச் சொல், அதனால் இருவருக்கும் என்ன நல்லது என்று சொல், பேச்சு எங்கே இழுத்தாலும் அங்கேயே நில். இதை நடித்துப் பார்க்காமல் விடாதீர்கள். அண்ணன் நகை கேட்டு வருகிறார் என்று வைத்து, ஒருவர் அண்ணனாக, ஒருவர் தங்கையாக:

"அண்ணே, போன வருஷம் வாங்கிட்டுப் போன வளையல் இன்னும் பேங்க்லதான் இருக்கு. இப்போ செயினையும் கேக்கிறீங்க. எனக்குப் பயமா இருக்குண்ணே. செயினைத் தர முடியாது. இதை இப்பவே சொல்லிட்டா நாளைக்கு நமக்குள்ள மனஸ்தாபம் வராது."

"அப்போ இனிமே அண்ணன்னு கூப்பிடாத."

"அப்படிச் சொன்னா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனாலும் செயினைத் தர முடியாதுண்ணே."

இந்தக் கடைசிப் பதிலைச் சொல்ல வைப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். "முடியாது" என்ற சொல் வாயில் வராது; வந்தாலும் சிரிப்பாக வரும், இல்லை அழுகையாக வரும். விடாமல் சொல்ல வையுங்கள். "மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே" என்று யாராவது கேட்பார்கள். யோவான் 18:23-ஐத் திறங்கள். தலைமைக் குருவின் முன் கன்னத்தில் அடித்த காவலனிடம், நான் பேசியது தவறென்றால் காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசு கேட்கிறார். குரல் உயரவில்லை, ஆனால் கேட்கிறார்.

கடைசியாக, நெருக்கடியைத் தாங்கும் பகுதியிலேயே வரும் ஏற்றுக்கொள்ளுதல். உள்ளதை உள்ளபடி ஏற்பது. அதை நல்லது என்று சொல்வது அல்ல. இயேசு பிடிபடுமுன் செபித்த கெத்சமனி தோட்டம்தான் இதற்குப் பாடம்: முதலில் "இந்தக் கிண்ணம் அகலட்டும்" என்ற மன்றாட்டு, அதையும் மறுபடி மறுபடி, அப்புறம்தான் "உம் விருப்பப்படியே". நம் ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் முதல் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரிக் கடற்கரையில் உடல்கூடக் கிடைக்காமல் போனவர்களின் வீடுகள் உண்டு. அப்படி ஒருவர் குழுவில் இருந்தால் இந்தப் பாடத்தை அவர் மீது திணிக்காதீர்கள். திருப்பாடல் 88-ஐச் சேர்ந்து வாசியுங்கள். புகழ்ச்சியில் முடியாமல் இருளிலேயே முடியும் பாடல் அது, இருந்தும் விவிலியத்தில் இருக்கிறது.

படி 8: கோயில் சூழலுக்கே உரிய ஆபத்துகள்

"கஷ்டத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்பது ஆழமான வார்த்தை. அதைத் தன் கஷ்டத்தைப் பற்றித் தானே சொல்லலாம். அடுத்தவருக்குச் சொன்னால் பல நேரம் வாயை அடைப்பதாகிவிடும். குழுவில் தடை.

"பேய்க் கட்டு", "முன்னோர் சாபம்" என்று யாராவது ஆரம்பித்தால் விவாதத்தில் இறங்காமல் பாடத்துக்குத் திரும்புங்கள். இடைவேளையில் தனியாகப் பேசுங்கள். குணமளிக்கும் வழிபாட்டுக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்துவது இன்னும் பெரிய சிக்கல். மருந்தை நிறுத்துவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்த மருத்துவரின் வேலை என்று பங்குத்தந்தையே பிரசங்கத்தில் ஒரு தடவை சொன்னால், நாம் பத்துத் தடவை சொல்வதற்குச் சமம்.

தற்கொலையில் இறந்தவரின் குடும்பத்தார் குழுவில் இருக்கலாம். அவர்கள் நரகம் பற்றிக் கேட்டிருப்பார்கள், அப்படி இறந்தவர்களை ஒதுக்கிப் புதைக்கும் கல்லறைத் தோட்டத்தின் மூலை பற்றியும் கேட்டிருப்பார்கள். கடுமையான மனக் கோளாறும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் மறைக்கல்வி 2282, 2283 எண்கள் சொல்கின்றன. வாசித்துக் காட்டுங்கள், சுருக்கிச் சொல்லாதீர்கள்.

படி 9: நெருக்கடி வந்தால்

முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவர் ஃபோனிலும் எண்களைப் பதியச் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை ஸ்நேகா அமைப்பு 044-24640050. இலங்கையில் மனநல உதவி எண் 1926. உடனடி ஆபத்து என்றால் இந்தியாவில் 112.

சாவு எண்ணம் இருப்பவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் சேர்த்து வைத்த மாத்திரையையும் வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். முயற்சி செய்துவிட்டவரைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. குடும்பத்தாருக்கு அப்போதே இதைச் சொல்லுங்கள்.

படி 10: சுற்று முடிந்த பிறகு

பலன் தெரிகிறதா என்று பார்க்க அழுகையையும் சாட்சியையும் நம்ப வேண்டாம். முதல் வாரத்து நாட்காட்டிப் புள்ளிகளையும் கடைசி வாரத்துப் புள்ளிகளையும் பக்கத்தில் வையுங்கள். கோபம் வந்த நாட்கள் குறையாமல் இருக்கலாம். கோபத்தில் கை நீட்டிய நாட்கள் குறைந்திருந்தால் அது பலன்தான். ஒன்றுமே மாறாதவரைத் தனி சிகிச்சைக்கு அனுப்புங்கள், "விசுவாசம் போதவில்லை" என்று யாரும் சொல்லிவிடுமுன்.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது சுற்றில்தான் பாடம் கைக்கு வருகிறது. அதனால் பழைய ஆட்களில் மூன்று பேர், புதியவர்கள் ஐந்து பேர் என்று கலந்து தொடங்கலாம். ஒரு சுற்று முடித்தவரை உடனே உதவி நடத்துநர் ஆக்கும் ஆசை வரும், குறிப்பாக நன்றாகப் பேசுபவர் என்றால். இரண்டு சுற்றாவது உட்காரட்டும், முறையான பயிற்சி எடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். நடத்துபவர் மாதம் ஒரு முறையாவது மூத்த ஆலோசகர் ஒருவரிடம் குழுவைப் பற்றிப் பேசி வழிகேட்க வேண்டும். அதற்கான பயணப்படியைப் பங்குப் பேரவை பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் திருவிழா செலவோடு மோத வேண்டியிருக்கும்.